உரிமமும் உருவாக்கமும்: பெர்ல் வரிமொழிமாற்றியை முன்வைத்து ஒரு மொழிநோக்கு

1. முன்னுரை

கணிப்பொறிக்கென வகுக்கப்பட்ட நிரல்மொழிகளை மொழியியலார் பலர் தம் துறைக்குப் புறம்பானவை எனக் கருதுவர். அம்மொழிகளின் தொடரிலக்கணம் கணிதத்தின்பாற்படும் என்பதும், அவற்றைப் பேசுவோர் இலர் என்பதும் இதற்குக் கூறப்படும் காரணங்களாகும். எனினும், ஒரு நிரல்மொழி பல நாடுகளுக்கும் பல வகைக் கணிப்பொறிகளுக்கும் பரவும்போது இரண்டு பனுவல்கள் அதனுடன் செல்கின்றன. ஒன்று, எவர் எதனை எவ்வரம்பிற்குள் செய்யலாம் என்று மனிதர்க்கு உரைக்கும் உரிமம். மற்றொன்று, புதிய கணிப்பொறியின் இயல்புகளைக் கேட்டறிந்து, மூல நிரலை அதற்கு ஏற்றவாறு உருவாக்கும் கட்டளைத் தொகுதி. இவ்விரு பனுவல்களும் எழுதியவர் கண்டறியாத சூழல்களில் படிக்கப்படுபவை. எழுதியவர் உடனிருந்து பொருள் விளக்க இயலாது. எனவே சொல்லப்பட வேண்டியவை யாவும் பனுவலுக்குள்ளேயே சொல்லப்பட்டிருத்தல் வேண்டும்.

இந்நிலை மொழிபெயர்ப்பாளர்க்குப் புதிதன்று. பெர்ல் என்னும் கட்டற்ற நிரல்மொழியின் உரிமத்தையும், அதன் வரிமொழிமாற்றி பல்வேறு இயக்க அமைப்புகளில் உருவாக்கப்படும் முறையையும் இக்கட்டுரை விளக்குகிறது. அவ்விளக்கத்தின்வழி, நெடுந்தொடரை இரண்டாகப் பிரித்தல் என்னும் வழக்கமான மொழிபெயர்ப்பு உத்தி உரிமப் பனுவலில் சட்ட விளைவையே மாற்றக்கூடும் என்பதை எடுத்துக்காட்டுகிறது.

2. பெர்ல்: தோற்றமும் இயல்பும்

பெர்ல் மொழியின் முதற்பதிப்பு 1987 டிசம்பரில் வெளிவந்தது. இதனை உருவாக்கியவர் அமெரிக்கரான லாரி வால். இவர் பெர்க்கிலியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் மொழியியல் பயின்றவர். எழுத்து வடிவம் பெறாத மொழியொன்றிற்கு எழுத்துமுறை வகுத்து, அதில் மொழிபெயர்ப்புப் பணி செய்யும் எண்ணம் கொண்டிருந்தவர். உடல்நலக் காரணங்களால் அவ்வெண்ணத்தைக் கைவிட்டுக் கணிப்பொறித் துறைக்கு வந்தார். பெர்ல் தொடக்கம் முதலே உரைகளைப் படித்தல், சொற்கோலங்களைத் தேடுதல், அறிக்கையாகத் தொகுத்தல் ஆகிய பணிகளுக்கு ஏற்றதாக அமைந்தது. சொல்லடைவு, நிகழ்வெண் பட்டியல், தரவகம் ஆகியவற்றை உருவாக்கும் மொழியியலார் இதனைப் பெரிதும் பயன்படுத்தியமைக்கு இதுவே காரணம்.

பெர்ல் ஆணைகளைப் படித்து நிறைவேற்றும் மென்பொருளே பெர்ல் வரிமொழிமாற்றி. பெர்லில் எழுதப்பட்ட நிரலுக்கு இம்மாற்றி இருந்தால் போதும். ஆனால் மாற்றியோ ‘சி’ என்னும் வேறொரு மொழியில் எழுதப்பட்டதாகும். ‘சி’ நிரலை ஒவ்வொரு வகைக் கணிப்பொறியிலும் அக்கணிப்பொறியின் பொறிமொழிக்கு மாற்றியாக வேண்டும். இதனைச் செய்வது நிரல்பெயர்ப்பி. ஆகவே ‘பெர்ல் எங்கும் இயங்கும்’ என்னும் கூற்றின் பின்னால், ஒவ்வோர் இடத்திலும் ஒருவர் மூல நிரலைப் பெற்று, வேண்டிய இடங்களில் திருத்தி, அங்கேயே உருவாக்கியுள்ளார் என்னும் உண்மை அடங்கியுள்ளது. மூல நிரலைப் பெறவும், திருத்தவும், திருத்தியதைப் பிறர்க்கு வழங்கவும் உரிமை இல்லையேல் இப்பரவல் நிகழ்ந்திராது.

3. உரிமத்தின் அமைப்பு

3.1 ‘கட்டற்ற’ என்னும் அடை

ஆங்கிலத்தில் ‘ஃப்ரீ’ என்னும் ஒரே சொல் விலையின்மையையும் விடுதலையையும் குறிக்கும். ரிச்சர்டு ஸ்டால்மன் 1983இல் குனூ திட்டத்தை அறிவித்த காலந்தொட்டு இவ்விரு பொருள்மை பல விளக்கங்களைத் தேவையாக்கியது. தமிழில் ‘இலவசம்’, ‘கட்டற்ற’ என இரு சொற்கள் தனித்தனியே உள்ளமையால் இச்சிக்கல் எழுவதில்லை. கட்டற்ற மென்பொருளை விலைக்கும் விற்கலாம். ஆனால் பயன்படுத்தவும், ஆராயவும், திருத்தவும், பகிரவும் பெறுநர்க்கு உள்ள உரிமையைப் பறிக்கலாகாது.

3.2 இரட்டை உரிமம்

பெர்லின் மூன்றாம் பதிப்பு 1989இல் குனூ பொது உரிமத்தின்கீழ் வெளியிடப்பட்டது. 1991இல் வெளிவந்த நான்காம் பதிப்பில், குனூ பொது உரிமத்தோடு ‘கலை உரிமம்’ என்னும் மற்றொன்றும் சேர்க்கப்பட்டது. பெறுநர் இவ்விரண்டனுள் தாம் விரும்பும் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். குனூ பொது உரிமம், திருத்திய நிரலைப் பிறர்க்கு வழங்குவோர் அதனை அதே உரிமத்தின்கீழ் மூல நிரலுடன் வழங்க வேண்டும் என்கிறது. வணிக நிறுவனங்கள் சில இதற்குத் தயங்கின. கலை உரிமம் அத்தகையோர்க்கும் வழி திறந்தது.

கலை உரிமத்தை வகுத்தவர் லாரி வாலே ஆவார். அதன் நடை சட்டப் பனுவல்களின் நடையினின்று வேறுபட்டது. மூல நிரலின் வளர்ச்சியில் படைப்பாளர்க்குக் கலைநோக்கிலான ஓரளவு கட்டுப்பாடு இருத்தல் வேண்டும் என்பதே தன் நோக்கம் என அதன் முகவுரை கூறுகிறது. ‘தொகுப்பு’, ‘செந்தரப் பதிப்பு’, ‘பதிப்புரிமையாளர்’ முதலிய சொற்களை வரையறுத்த பின்னர், எண்ணிட்ட விதிகள் தொடர்கின்றன. ‘நியாயமான படியெடுப்புக் கட்டணம்’ என்பதை வரையறுக்கும்போது, அதன் நியாயத்தைப் பதிப்புரிமையாளர்க்கு மெய்ப்பிக்கத் தேவையில்லை, கணிப்பொறிச் சமுதாயம் ஏற்றால் போதும் என்னும் பொருள்பட அமைந்த அடைப்புக்குறிக் குறிப்பு ஒன்றும் உண்டு. இத்தகைய நெகிழ்ச்சியான தொடர்களால் இவ்வுரிமம் தெளிவற்றது எனக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை குறைகூறியது. இக்குறைகளை நீக்கும் வகையில் கலை உரிமத்தின் இரண்டாம் பதிப்பு 2006இல் வெளிவந்தது. எனினும் பெர்லின் ஐந்தாம் பதிப்பு வரிசை முதல் உரிமத்தையே இன்றும் தொடர்ந்து கொண்டுள்ளது.

மொழியாய்வாளர் சிறப்பாக அறிய வேண்டிய விதி ஒன்றும் இதன்கண் உள்ளது. வரிமொழிமாற்றிக்கு உள்ளீடாகத் தரப்படும் நிரல்களும், அதிலிருந்து பெறப்படும் வெளியீடுகளும் அவற்றை ஆக்கியோர்க்கே உரியன. ஒருவர் பெர்லைக் கொண்டு தொகுத்த சொல்லடைவின்மீது பெர்லின் உரிமம் எந்தக் கட்டுப்பாட்டையும் விதிப்பதில்லை.

4. உருவாக்கம்

4.1 வினாநிரல்

யூனிக்ஸ் என்பது பெயரளவில் ஒரே இயக்க அமைப்பாயினும், 1980களில் நிறுவனந்தோறும் வேறுபட்ட வடிவங்களில் வழங்கியது. ஒரு வடிவில் உள்ள பணிக்கூறு மற்றொன்றில் இல்லை. இருப்பினும் அதன் பெயரோ, விளைவோ வேறுபடலாம். வட்டார வழக்குகளுக்கிடையே காணப்படும் உறவை இது ஒத்ததாகும். இதற்கு லாரி வால் கண்ட தீர்வு ‘கன்ஃபிகர்’ எனப்படும் வினாநிரல். தாம் முன்னர் எழுதிய ஆர்என் என்னும் செய்தி வாசிப்பு நிரலுடன் வழங்கிய இம்முறையைப் பெர்லுக்கும் அவர் பயன்படுத்தினார்.

இவ்வினாநிரல் ‘ஷெல்’ எனப்படும் யூனிக்ஸ் கட்டளை மொழியில் அமைந்தது. எல்லா யூனிக்ஸ் வடிவங்களிலும் இருக்கும் என நம்பத்தக்க ஒன்று அம்மொழியே என்பதுதான் காரணம். ‘மெட்டாகன்ஃபிக்’ என்னும் கருவி சிறுசிறு வினாக்கூறுகளைத் தொகுத்து இதனை ஆக்குகிறது. உருவாக்குவோர் இதனை இயக்கியவுடன், முதலில் இயக்க அமைப்பின் பெயர் அறியப்பட்டு, அதற்குரிய குறிப்புக் கோப்பு படிக்கப்படுகிறது. பின்னர் நூற்றுக்கணக்கான இயல்புகள் ஒவ்வொன்றாக ஆராயப்படுகின்றன. முழு எண்ணின் நீளம் எவ்வளவு? எண்ணின் உயர்பகுதி நினைவகத்தில் முன்னே வருமா, பின்னே வருமா? இன்ன பணிக்கூறு உண்டா? உண்டெனில் எதிர்பார்த்தவாறு செயற்படுமா? இவற்றுள் பலவற்றிற்கு விடை காண, வினாநிரல் சிறிய ‘சி’ நிரல் ஒன்றை எழுதி, அங்கேயே பெயர்த்து, இயக்கிப் பார்க்கிறது.

இங்கு நோக்கத்தக்கது ஒன்றுண்டு. அமைப்பின் பெயர் தொடக்க ஊகத்தைத் தருவதற்கு மட்டுமே உதவுகிறது. முடிவைத் தருவது பெரும்பாலும் நேரடி ஆய்வே. வட்டார வழக்காய்வில் ‘இது கொங்கு வழக்கு’ என்னும் பெயரைக் கொண்டே முடிவு செய்யாமல், வினாநிரலுடன் தகவலாளியை அணுகி ஒவ்வோர் இயல்பையும் தனித்தனியே பதிவு செய்யும் களப்பணி முறையோடு இது பெரிதும் ஒப்புமை உடையது. விடைகள் அனைத்தும் ஒரு கோப்பில் பதிவாகின்றன. அவ்விடைக்கோப்பினின்று ‘சி’ மொழிக்கான தலைப்புக் கோப்பு உருவாகிறது. மூல நிரல் அதனைப் படித்துத் தன் கிளைகளைத் தெரிந்துகொள்கிறது.

களப்பணியின் வரம்பும் இதற்கு உண்டு. ஒரு கணிப்பொறியில் அமர்ந்து மற்றொரு வகைக் கணிப்பொறிக்காக உருவாக்கும்போது, ஆய்வு நிரல்களை உருவாக்கும் இடத்தில் இயக்கிப் பயனில்லை. இலக்குக் கணிப்பொறியைத் தொலைவிலிருந்து அணுகி அவற்றை அங்கு இயக்க வேண்டும். இன்றேல் விடைகளை முன்கூட்டியே எழுதித் தர வேண்டும். தகவலாளி இல்லாமல் வழக்காய்வு செய்வதன் இடர்ப்பாட்டை இஃது ஒக்கும்.

4.2 இருநிலை உருவாக்கம்

விடைகள் கிடைத்த பின்னர் முழு வரிமொழிமாற்றியும் ஒரே படியில் உருவாவதில்லை. முதலில் ‘மினிபெர்ல்’ எனப்படும் சிறுவடிவம் உருவாக்கப்படுகிறது. புறத்தேயுள்ள நீட்சிகளை ஏற்கும் திறன் இதற்கு இல்லை. ஆனால் பெர்ல் மொழியின் அடிப்படைத் தொடர்களை இது அறியும். எஞ்சிய பகுதிகளை உருவாக்கும் கட்டளைகள் பல பெர்லிலேயே எழுதப்பட்டுள்ளன. அவற்றை இச்சிறுவடிவம் இயக்கி முழு வடிவத்தை ஆக்குகிறது. இறுதியில், உடன்வரும் ஆயிரக்கணக்கான தேர்வுகள் இயக்கப்பட்டு, உருவான மாற்றி மொழியின் விதிகளை மீறாமல் செயற்படுகிறதா என்று சரிபார்க்கப்படுகிறது. ஒரு மொழியின் சிறு சொற்றொகுதியைக் கொண்டு அம்மொழியின் பிற சொற்களை விளக்கும் ஒருமொழியகராதியின் நெறி இங்கு நினைவுகூரத்தக்கது.

யூனிக்ஸ் அல்லாத அமைப்புகளில் ஷெல் இருக்கும் என எதிர்பார்க்க இயலாது. விண்டோசில் விடைக்கோப்புகள் முன்கூட்டியே எழுதப்பட்டு, தனியான உருவாக்கக் கட்டளைகளுடன் வழங்கப்படுகின்றன. விஎம்எஸ் அமைப்புக்கு அதன் சொந்தக் கட்டளை மொழியில் வேறொரு வினாநிரல் எழுதப்பட்டது. வினா கேட்கும் மொழியே புரியாத இடத்தில் வினாநிரலையும் மொழிபெயர்க்க வேண்டியதாயிற்று.

4.3 ஒரே சொல், வேறு பொருள்

இரு மொழிகளில் வடிவால் ஒத்துப் பொருளால் வேறுபடும் சொற்கள் மொழிபெயர்ப்பாளரை ஏமாற்றுவன. ‘அவசரம்’ என்பது தமிழில் விரைவையும், இந்தியில் ‘அவசர்’ என்பது வாய்ப்பையும் குறித்தல் போல்வன அவை. ‘சி’ மொழியில் ‘லாங்’ எனப்படும் எண்வகை அத்தகையது. 64 இருமக் கணிப்பொறியில் லினக்சின்கீழ் அது 64 இருமங்களைக் கொள்ளும். அதே கணிப்பொறியில் விண்டோசின்கீழ் 32 இருமங்களையே கொள்ளும். சொல்லை நம்பி எழுதிய நிரல் ஓரிடத்தில் சரியாகவும் மற்றோரிடத்தில் பிழையாகவும் இயங்கும். பெர்லின் மூல நிரல் இச்சொல்லை நேரே நம்பாமல், வினாநிரல் தந்த விடைக்கேற்பத் தனக்கென ஒரு பெயரை வகுத்துக்கொண்டு அதனையே கையாள்கிறது.

நிகரன் இல்லாச் சொற்களும் உண்டு. ‘ஃபோர்க்’ என்னும் பணிக்கூறு இயங்கும் நிரலைப் படியெடுத்து இரண்டாக இயங்கச் செய்வது. இது யூனிக்சில் இயல்பானது, விண்டோசில் இல்லாதது. 2000ஆம் ஆண்டு வெளிவந்த 5.6ஆம் பதிப்பில், வரிமொழிமாற்றியைத் தனக்குள்ளேயே படியெடுத்து இழைகளாக இயக்கி, இவ்விளைவைப் போலச் செய்யும் வழி காணப்பட்டது. நிகரன் இல்லாத சொல்லை விளக்கத் தொடரால் ஈடுசெய்யும் முறையே இது. விளக்கத் தொடருக்குரிய இழப்பும் இதற்கு உண்டு. ஃபோர்க்கின் இயல்புகள் யாவற்றையும் இப்போலிமை தருவதில்லை.

4.4 எழுத்தும் வரிசையும்

அகரநிரல் வரிசையிலும் சூழல் வேறுபாடு புலப்படும். ஆஸ்கி குறிமுறையில் எண்கள் முதலிலும், ஆங்கிலப் பேரெழுத்துகள் அடுத்தும், சிற்றெழுத்துகள் பின்னரும் வரும். ஐபிஎம் பெருங்கணிப்பொறிகளின் எப்சிடிக் குறிமுறையில் சிற்றெழுத்து, பேரெழுத்து, எண் என வரிசை தலைகீழாகும். ஐ என்னும் எழுத்துக்கும் ஜே என்னும் எழுத்துக்கும் இடையே வெற்றிடமும் உண்டு. ஆகவே குறியெண்ணை நம்பி வரிசைப்படுத்திய சொற்பட்டியல் இரு கணிப்பொறிகளில் இரு விதமாக அமையும். பெர்ல் எப்சிடிக் குறிமுறையில் இயங்குவது சில காலம் தடைப்பட்டு, 2015இல் வெளிவந்த 5.22ஆம் பதிப்பில் இசட்ஓஎஸ் அமைப்பிற்கு மீட்கப்பட்டது.

தமிழ்த் தரவுகளில் இச்சிக்கல் வேறு வடிவில் தோன்றுகிறது. ‘தமிழ்’ என்னும் சொல் மூன்று எழுத்துகளைக் கொண்டது. ஒருங்குறியில் அது ஐந்து குறியெண்களாகவும், யூடிஎஃப்-8 வடிவில் 15 எண்மிகளாகவும் பதியப்படும். வெளியிலிருந்து வரும் உரையை எண்மித் தொடராகவே விட்டால் பெர்ல் அச்சொல்லின் நீளத்தை 15 எனக் கூறும். குறியெண்களாக மாற்றினால் 5 எனக் கூறும். எழுத்துக் கொத்துகளைத் தேடும் கோலத்தைக் கையாண்டால் 3 கிடைக்கும். மேலும், ஒருங்குறி அட்டவணையில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும் வைக்கப்பட்டுள்ளன. குறியெண் வரிசை தமிழ் நெடுங்கணக்கின் வரிசை அன்று. 2002இல் வெளிவந்த 5.8ஆம் பதிப்பு முதல் ஒருங்குறி வரிசைமுறைக்கான நிரற்கூறு பெர்லுடன் வழங்கப்படுகிறது. அகராதிப் பணியாளர் அதனைக் கையாளுதல் இன்றியமையாதது.

5. உரிமமும் உருவாக்கமும் சந்திக்கும் இடம்

ஓர் அமைப்பில் வரிமொழிமாற்றி உருவாகாதபோது, உருவாக்குவோர் மூல நிரலைத் திருத்துவர். திருத்திய அளவிலேயே உரிமத்தின் விதிகள் செயற்படத் தொடங்குகின்றன. கலை உரிமத்தின் இரண்டாம் விதி இதனை வெளிப்படையாகவே குறிப்பிடுகிறது. பிழைத்திருத்தங்கள், பிற தளங்களுக்கு ஏற்ற திருத்தங்கள், பொதுவுடைமையிலிருந்தோ பதிப்புரிமையாளரிடமிருந்தோ பெறப்பட்ட மாற்றங்கள் ஆகியவற்றைச் செய்யலாம் என்றும், அவ்வாறு திருத்திய தொகுப்பு செந்தரப் பதிப்பாகவே கருதப்படும் என்றும் அவ்விதி உரைக்கிறது.

இவ்விதியின் ஆங்கிலத் தொடரில் ‘பெறப்பட்ட’ என்னும் அடைத்தொடர் பட்டியலின் இறுதியில் வருகிறது. அது மூன்று பெயர்களையும் தழுவுமா, ஈற்றுப் பெயரை மட்டும் தழுவுமா என்னும் ஐயத்திற்கு இடமுண்டு. மூன்றையும் தழுவுமாயின், ஒருவர் தாமே செய்த தளத்திருத்தம் இவ்விதியின்கீழ் வராது. ஈற்றை மட்டும் தழுவுமாயின் வரும். ஆங்கிலத்தில் இவ்வையம் தொடருக்குள் அடங்கிக் கிடக்கும். தமிழில் பெயரெச்சம் தான் தழுவும் பெயருக்கு முன்னரே வருதல் வேண்டும். பட்டியலின் தலைப்பில் வைத்தால் மூன்றையும் தழுவுவதாகவும், ‘மாற்றங்கள்’ என்பதற்கு முன் வைத்தால் அதனை மட்டும் தழுவுவதாகவும் படிக்கப்படும். மேலே தரப்பட்ட தமிழ் வடிவம் இரண்டாவது முறையைக் கொண்டது என்பதைப் படிப்போர் உணரலாம். மூலம் முடிவு செய்யாததை மொழிபெயர்ப்பு முடிவு செய்துவிடுகிறது.

மூன்றாம் விதி பிற திருத்தங்களுக்கு உரியது. திருத்திய ஒவ்வொரு கோப்பிலும் எவ்வாறு, எப்போது திருத்தப்பட்டது என்னும் குறிப்பை இடுதல் வேண்டும். அதனுடன், திருத்தங்களைப் பொதுவில் கிடைக்கச் செய்தல், தம் நிறுவனத்திற்குள் மட்டும் பயன்படுத்துதல், செந்தரமல்லாத இயங்கு நிரல்களுக்கு வேறு பெயரிட்டு விளக்கக் கையேடு இணைத்தல், பதிப்புரிமையாளருடன் வேறு ஏற்பாடு செய்துகொள்ளுதல் ஆகிய நான்கனுள் ஒன்றையேனும் செய்தல் வேண்டும். இவற்றை அனுமதியோடு இணைக்கும் ஆங்கிலத் தொடர் ‘புரொவைடட் தட்’ என்பதாகும்.

6. நீதிமன்றத்தில் ஓர் இணைப்புத் தொடர்

இவ்விணைப்புத் தொடரின் பொருள் அமெரிக்க நீதிமன்றத்தில் ஆராயப்பட்டது. மாதிரி இருப்புப்பாதைகளைக் கணிப்பொறிவழி இயக்கும் ஜேஎம்ஆர்ஐ என்னும் கட்டற்ற மென்பொருள் கலை உரிமத்தின்கீழ் வழங்கப்பட்டிருந்தது. அதன் கோப்புகளை, ஆசிரியர் பெயரும் பதிப்புரிமைக் குறிப்பும் திருத்த விவரமும் இன்றி, எதிர்த்தரப்பினர் தம் வணிக மென்பொருளில் சேர்த்தனர் என்பதே வழக்கு. ‘ஜேக்கப்சன் எதிர் காட்சர்’ என அது வழங்கப்படும்.

வினா இதுவே: குறிப்பிடுதல் உரிமத்தின் நிபந்தனையா, அல்லது பெறுநர் அளித்த உறுதிமொழி மட்டுமா? நிபந்தனையாயின், அதனை மீறியவர்க்கு உரிமமே இல்லை. அவர் செய்தது பதிப்புரிமை மீறல். அதனைத் தடுக்கும் தடையாணையைக் கோரலாம். உறுதிமொழியாயின், உரிமம் நிலைத்திருக்கும். நிகழ்ந்தது ஒப்பந்த முறிவு. அதற்குப் பண இழப்பை மெய்ப்பித்து ஈடு கோரலாம். விலையின்றி வழங்கிய ஒன்றிற்குப் பண இழப்பை மெய்ப்பிப்பது அரிது. எனவே இரண்டாவது பொருள்கோள் நிலைக்குமாயின், கட்டற்ற உரிமங்கள் பயனளவில் செயலற்றுப் போகும்.

2007இல் மாவட்ட நீதிமன்றம் உரிமம் பரந்த தன்மையது எனக் கருதித் தடையாணை வழங்க மறுத்தது. 2008 ஆகஸ்டு 13ஆம் நாள் கூட்டாட்சிச் சுற்றின் மேல்முறையீட்டு நீதிமன்றம் அம்முடிவை மாற்றியது. உரிமத்தின் முகவுரையே தொகுப்பைப் படியெடுப்பதற்கான நிபந்தனைகளை உரைப்பதாகக் கூறுகிறது என்பதையும், கலிபோர்னிய ஒப்பந்தச் சட்டத்தின்படி ‘புரொவைடட் தட்’ என்னும் தொடர் பொதுவாக நிபந்தனையைக் குறிக்கும் என்பதையும் அது சுட்டியது. பணம் கைமாறாத இடத்திலும் பெயர்க்குறிப்பும் திருத்த விவரமும் பொருளாதார மதிப்புடையன என்பதையும் ஏற்றது. வழக்கு 2010இல் தரப்பினரிடையே உடன்பாட்டில் முடிவுற்றது. சட்டம் பயிலாத ஒரு மொழியியல் மாணவர் வகுத்த பனுவல் நீதிமன்றத்தில் நிலைபெற்றமைக்கு ஒரு முகவுரைச் சொல்லும் ஓர் இணைப்புத் தொடருமே துணைநின்றன எனலாம்.

7. தமிழாக்கச் சிக்கல்கள்

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, கணிப்பொறி நிரலை ‘இலக்கியப் படைப்பு’ என்பதன் வரையறைக்குள் அடக்குகிறது. உரிமம் எழுத்து வடிவில் அமைதல் வேண்டும் என்பதும் அச்சட்டத்தின் விதி. அதில் உரிமையாளரின் கையொப்பமும் வேண்டும் என்றிருந்த பகுதி 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நீக்கப்பட்டது. நிபந்தனை, உறுதி ஆகியவற்றின் வேறுபாடும் இந்தியச் சட்டத்திற்குப் புதிதன்று. பொருள் விற்பனைச் சட்டம், 1930, இவ்வகைப் பாகுபாடு ஒன்றைப் பொருள் விற்பனைக்கு வகுத்துள்ளது. எனவே தமிழில் உரிமப் பனுவலைத் தருவோர் இவ்வேறுபாட்டைத் தொடரமைப்பிலேயே காத்தல் வேண்டும்.

திருத்தக் குறிப்புப் பற்றிய விதியைப் பின்வரும் நான்கு வகையில் தமிழாக்கலாம்.

(அ) பெறுநர் தம் படியைத் திருத்தலாம். திருத்திய ஒவ்வொரு கோப்பிலும் அவர் குறிப்பிட வேண்டும்.

(ஆ) திருத்திய ஒவ்வொரு கோப்பிலும் குறிப்பிடுவாராயின், பெறுநர் தம் படியைத் திருத்தலாம்.

(இ) பெறுநர் தம் படியைத் திருத்தலாம். வரம்புரையாக: திருத்திய ஒவ்வொரு கோப்பிலும் அவர் குறிப்பிட வேண்டும்.

(ஈ) திருத்திய ஒவ்வொரு கோப்பிலும் குறிப்பிட வேண்டும் என்னும் நிபந்தனைக்கு உட்பட்டு, பெறுநர் தம் படியைத் திருத்தலாம்.

(அ) வடிவமே எளிய தமிழ் நடைக்கு உகந்தது. மொழிபெயர்ப்புப் பயிற்சிகளில் பரிந்துரைக்கப்படுவதும் அதுவே. ஆயினும் இதில் இசைவுப் பொருளைத் தரும் ‘-லாம்’ என்பதும், கடப்பாட்டைத் தரும் ‘வேண்டும்’ என்பதும் இரு முற்றுத்தொடர்களில் தனித்து நிற்கின்றன. முதல் தொடரில் இசைவு முழுமையாக வழங்கப்பட்டுவிடுகிறது. இரண்டாம் தொடர் தனியான ஒரு கடமையைக் கூறுகிறது. நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பினர்க்கு உகந்த பொருள்கோள் இதுவேயாகும்.

(ஆ) வடிவில் நிபந்தனை எச்சம் இசைவை வரம்புபடுத்துகிறது. ஆனால் குறிப்பிடுதல் திருத்துதலுக்கு முன் நிகழ வேண்டும் என்னும் காலமுறைமை தொனிக்கிறது. திருத்திய பின்னரே குறிப்பு இட முடியும் ஆதலின் இது படிப்போரை மயக்கும்.

(இ) வடிவம் தமிழ்ச் சட்ட வழக்கைப் பின்பற்றுகிறது. இந்திய அரசமைப்பின் தமிழாக்கத்தில் ‘வரம்புரையாக’ என்பது சட்டப் பிரிவின் விதிவிலக்கை அறிமுகப்படுத்தும் கலைச்சொல். சட்டமன்றம் இயற்றும் சட்டத்தில் வரம்புரை முதன்மை விதியின் எல்லையைக் குறுக்கும். உரிமத்திலோ அதே ஆங்கிலத் தொடர் வாக்கியத்தின் நடுவே வந்து, இசைவு எதன்மேல் நிற்கிறது என்பதைக் கூறுகிறது. ஒரே ஆங்கிலத் தொடருக்கு இரு துறைகளில் இரு நிகரன்கள் தேவைப்படுதற்கு இது தக்க சான்றாகும்.

(ஈ) வடிவம் நீண்டது. எனினும் இசைவு ஒரே முற்றுவினையாக இறுதியில் நிற்க, அதன் அடிப்படை முன்னரே சொல்லப்படுகிறது. முகவுரையில் வரும் ‘நிபந்தனை’ என்னும் சொல்லே விதியிலும் மீள்வதால் இரண்டும் ஒன்றையொன்று வலுப்படுத்துகின்றன. ஆதலின் இவ்வடிவமே கொள்ளத்தக்கது.

வேறு இரு குறிப்புகளும் இங்கு இன்றியமையாதவை. ஆங்கில உரிமம் வரையறுத்த சொற்களைப் பேரெழுத்தால் வேறுபடுத்துகிறது. தமிழ் எழுத்தில் அவ்வசதி இல்லை. எனவே வரையறுத்த சொல்லுக்கு ஒரே நிகரனை இறுதிவரை ஆளுதலும், அச்சொல்லைப் பொதுப்பொருளில் வேறிடத்து ஆளாமையும் வேண்டும். ‘தொகுப்பு’ என்பதை ஓரிடத்தில் ‘மென்பொருள்’ என மாற்றுதல் நடையழகு ஆகலாம். ஆனால் வரையறையை அது தகர்த்துவிடும். அடுத்து, நான்கனுள் குறைந்த அளவு ஒன்று என்பதற்கு ‘ஒன்றையேனும்’ என்பதே பொருந்தும். ‘ஏதேனும் ஒன்றை’ எனின், ஒன்றுக்கு மேற்பட்டவற்றைச் செய்தல் கூடாது என்னும் பொருளுக்கு இடம் தரும்.

மொழிபெயர்த்த உரிமம் மூலத்தின் சட்டத் தகுதியைப் பெறுமா என்பதில் இரு நெறிகள் உள்ளன. குனூ பொது உரிமத்தின் மொழிபெயர்ப்புகளை அதிகாரப்பூர்வமானவையாகக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை ஏற்பதில்லை. மொழிபெயர்ப்பில் நேரும் பிழை உலகெங்கும் உள்ள நிரல்களைப் பாதிக்கும் என்பது அதன் கருத்து. படித்தறிவதற்கு மட்டுமான மொழிபெயர்ப்பு எனக் குறித்து வெளியிட அது இசைவளிக்கிறது. மாறாக, ஐரோப்பிய ஆணையம் 2007இல் ஏற்ற ஐரோப்பிய ஒன்றியப் பொது உரிமம், ஒன்றியத்தின் ஆட்சிமொழிகள் பலவற்றில் சம மதிப்புடைய வடிவங்களாக வெளியிடப்பட்டுள்ளது. முதல் நெறி மொழிபெயர்ப்பாளரின் பொறுப்பைக் குறைக்கிறது. இரண்டாம் நெறி அவரைச் சட்டம் இயற்றுவோருக்கு நிகராக வைக்கிறது. எந்நெறியைக் கொண்டாலும், ஆங்கிலம் அறியாத பயனர் தம் உரிமையை அறிந்துகொள்வது மொழிபெயர்ப்பின்வழியே என்பதால், மேற்கூறிய கவனம் தேவைப்படுகிறது.

8. முடிவுரை

பெர்ல் வரிமொழிமாற்றியின் வினாநிரல், தான் செல்லும் இடத்தைப் பற்றி எதனையும் தானாகக் கருதிக்கொள்வதில்லை. சொல்லின் பெயரை நம்பாமல், அச்சொல் அங்கு எப்பொருளில் வழங்குகிறது என ஆய்ந்து பதிவு செய்த பின்னரே உருவாக்கத்தைத் தொடங்குகிறது. அதன் உரிமமோ தன் நிபந்தனைகளை நெகிழ்வான நடையில் கூறியபோதிலும், அவற்றை இசைவோடு பிணைக்கும் இணைப்பைக் கைவிடவில்லை. அப்பிணைப்பே அதனைக் காத்தது. உரிமப் பனுவலைத் தமிழாக்குவோர் இவ்விரண்டையும் ஒருங்கே மேற்கொள்ள வேண்டியவர் ஆகின்றனர். இலக்கு மொழியில் ஒவ்வொரு தொடரும் எப்பொருளைத் தரும் என்று ஆய்தலும், எளிமை கருதியும் பிணைப்பை அறுக்காமையும் அவர்தம் கடமைகளாகும். நெடுந்தொடரைப் பிரிக்குமுன், அத்தொடரின் உறுப்புகளுள் எது எதன்மேல் நிற்கிறது என்பதைக் கண்டறிதல் அதன் முதற்படி.